செயற்குறிப் பணிமிகுப்பும் பலபொருள் ஒருசொல் இலக்கணமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே செயற்குறி, தான் இணைக்கும் தரவுகளின் வகைக்கேற்ப வெவ்வேறு செயல்களைக் குறிக்குமாறு வரையறுக்கும் முறை, பொருள்நோக்கு நிரலாக்கத்தில் 'செயற்குறிப் பணிமிகுப்பு' எனப்படுகிறது. இம்முறையில் ஒரு குறியின் பொருள் எவ்வாறு தெளியப்படுகிறது என்பதையும், தெளியப்படாத இடத்தில் என்ன செய்யப்படுகிறது என்பதையும் தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் பலபொருள் ஒருசொல் இலக்கணத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தானே தெளியும் பன்மை, கிளந்து சொல்லவேண்டிய பன்மை என்னும் தொல்காப்பியப் பகுப்பு நிரலாக்கத்திலும் பயன்படும் பகுப்பாய்வுக் கருவி என்பதும், 'பணிமிகுப்பு' என்னும் கலைச்சொல் இக்கருத்தின் மையத்தைப் புலப்படுத்தவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: செயற்குறி, செயலேற்பி, பலபொருள் ஒருசொல், சார்பு, கிளத்தல், புணர்ச்சி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கணினி நிரலாக்கம் தமிழ்வழி மேல்நிலைக் கல்வியில் பாடமாகிய பின்னர், அத்துறையின் கருத்துகளுக்குத் தமிழில் பெயரிடும் பணி பெருமளவு நடந்துள்ளது. இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம், உறைபொதியாக்கம் முதலிய சொற்கள் இன்று பாடநூல் வழக்கில் நிலைபெற்றுள்ளன. ஆயினும் ஒரு கருத்துக்குப் பெயரிடுவதும் அக்கருத்தைத் தமிழின் சிந்தனை மரபுக்குள் கொண்டுவந்து விளக்குவதும் வேறுவேறு பணிகள். முதற்பணி நடந்த அளவிற்கு இரண்டாம் பணி நடைபெறவில்லை. நிரலாக்கக் கருத்துகளுள் பல, குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றியவை. அவ்வுறவை ஈராயிரம் ஆண்டளவாக ஆராய்ந்துவரும் இலக்கண மரபு தமிழுக்கு உண்டு. அம்மரபின் துணையோடு ஒரு நிரலாக்கக் கருத்தை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய நூலுள் இன்றைய அறிவியல் அனைத்தும் இருந்தது என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. தொல்காப்பியர் மக்கள் பேசும் மொழிக்கு இலக்கணம் வகுத்தார்; நிரலாக்க மொழிகள் எந்திரத்திற்கு ஆணையிடுவதற்காக அமைக்கப்பட்டவை. இவ்விரண்டும் ஒரே சிக்கலை எதிர்கொள்கின்றன என்பதும், தீர்வுகள் எங்கே ஒத்தும் எங்கே வேறுபட்டும் அமைகின்றன என்பதுமே ஆராயத்தக்கவை.

1. செயற்குறியும் செயலேற்பியும்

'3 + 4' என்னும் தொடரில் + என்பது செயற்குறி. 3, 4 என்பன செயலேற்பிகள். முழு எண்களுக்கும் பதின்ம எண்களுக்கும் + என்னும் குறியின் செயலை நிரலாக்க மொழியே முன்கூட்டி வரையறுத்துள்ளது. ஆனால் நிரலர் தாமே ஒரு புதிய தரவினத்தை உருவாக்கும்போது, அதன்மேல் + என்ன செய்யவேண்டும் என்பதை மொழி அறியாது.

நாழிகைக் கணக்கைச் சான்றாகக் கொள்ளலாம். 60 விநாழிகை 1 நாழிகை ஆகும். நாழிகை, விநாழிகை என்னும் இரு உறுப்புகளைக் கொண்ட 'காலம்' என்னும் இனக்குழுவை ஒரு நிரலர் அமைப்பதாகக் கொள்வோம். 2 நாழிகை 45 விநாழிகையையும் 1 நாழிகை 30 விநாழிகையையும் கூட்டினால் 4 நாழிகை 15 விநாழிகை கிடைக்கவேண்டும். உறுப்புகளைத் தனித்தனியே கூட்டினால் 3 நாழிகை 75 விநாழிகை என்றே வரும். 60-ஐ எட்டியதும் மேல் அலகிற்கு ஏற்றவேண்டும் என்னும் விதியை நிரலர் எழுதி, அதனை + என்னும் குறிக்கு உரியதாக்குகிறார். அதன்பின் இரண்டு காலங்களை அ, ஆ எனப் பெயரிட்டு 'அ + ஆ' என்று எழுதினாலே போதும். எண்களுக்கிடையே வரும் + பழைய கூட்டலையும், காலங்களுக்கிடையே வரும் + புதிய கூட்டலையும் குறிக்கும்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, குறி ஒன்றாயினும் ஓரிடத்தில் அது ஒரு செயலையே குறிக்கிறது. இரண்டாவது, எந்தச் செயல் என்பதைக் குறி தானே சொல்வதில்லை. அதன் இருபுறமும் நிற்கும் செயலேற்பிகளின் வகை சொல்கிறது. 'காலம் × எண்' என்பதற்குப் பொருள் உண்டு. ஒரு காலத்தை மும்மடங்காக்கலாம். 'காலம் × காலம்' என்பதற்கு அவ்வினக்குழுவில் பொருளில்லை. நிரலர் அதனை வரையறுக்காது விட்டால், சி++ போன்ற மொழிகளின் நிரல்பெயர்ப்பி அத்தொடரைப் பிழையென விலக்கும்.

2. வரலாற்றுப் பின்புலம்

ஒரு குறி பல செயல்களைக் குறிப்பது பொருள்நோக்கு நிரலாக்கத்தோடு தோன்றியதன்று. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே முழு எண்களையும் பதின்ம எண்களையும் ஒரே + குறியால் கூட்ட முடிந்தது. எந்திர நிலையில் இவ்விரு கூட்டல்களும் வெவ்வேறு ஆணைகள். கணிதத்தில் இவ்வழக்கு இன்னும் பழமையானது. 1843இல் வில்லியம் ரோவன் ஹாமில்டன் நாற்கூற்றெண்களைக் கண்டறிந்தபோது, வரிசை மாறினால் விடை மாறும் ஒரு புதிய செயலுக்கும் பெருக்கல் என்னும் பழைய பெயரே வழங்கப்பட்டது.

நிரலாக்க மொழிகளின் பன்மையைக் கோட்பாட்டு நிலையில் பகுத்தவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி. 1967இல் கோபன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில், எல்லாத் தரவினங்களுக்கும் ஒரே வரையறையே பொருந்தும் பன்மையையும், ஒவ்வொரு தரவினத்திற்கும் தனித்தனி வரையறை வேண்டும் பன்மையையும் அவர் வேறுபடுத்தினார். செயற்குறிப் பணிமிகுப்பு இரண்டாம் வகையைச் சார்ந்தது.

குறிக்குப் பொருள் தரும் உரிமையை நிரலர் கையில் ஒப்படைத்த மொழிகளுள் ஆல்கால் 68 குறிப்பிடத்தக்கது. அதில் புதிய செயற்குறிகளையே உருவாக்கி, அவற்றின் முன்னுரிமை வரிசையையும் அறிவிக்க முடிந்தது. பெல் ஆய்வகத்தில் 1979இல் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் தொடங்கிய மொழி, 1983இல் சி++ எனப் பெயர்பெற்று 1985இல் வணிக வெளியீடு கண்டது. இம்மொழி செயற்குறிப் பணிமிகுப்பை இனக்குழுக்களோடு இணைத்துப் பரவலாக்கியது. 1995இல் வெளிவந்த ஜாவா இவ்வுரிமையை நிரலருக்கு வழங்கவில்லை. பைத்தான், ஏடா, ஹாஸ்கெல் ஆகியவை தத்தம் முறையில் வழங்குகின்றன.

3. பலபொருள் ஒருசொல்: தொல்காப்பியரின் இருவகைப் பகுப்பு

சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இரண்டாகப் பகுக்கிறது. முதல்வகைச் சொல்லின் பொருள், வேறுபடுத்தும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும். இரண்டாம் வகைச் சொல்லின் பொருளை அவ்வாறு தெளிய இயலாது. ஆகவே அதனைக் கிளந்து, அதாவது வெளிப்படையாக எடுத்துச் சொல்லவேண்டும்.

மா என்னும் சொல் மரத்தையும் குதிரையையும் விலங்கையும் குறிக்கும். இருபதில் ஒரு பங்கு என்னும் பின்ன அளவையும் குறிக்கும். 'மா காய்த்தது' என்றால் மரம். 'மா கனைத்தது' என்றால் குதிரை. இங்குப் பொருளை வினை தெளிவிக்கிறது. 'மாவும் பலாவும் நின்றன' என்றால் உடன்வரும் பலா என்னும் இனச்சொல் மாவை மரமாக்குகிறது. தேரின் அருகே நிற்கும் பாகன் 'மாவைக் கொண்டுவா' என்றால், தொடரில் குறிப்பு ஏதும் இல்லாதபோதும் சூழலாகிய சார்பால் குதிரை என்பது விளங்கும். 'மா சாய்ந்தது' என்று மட்டும் சொன்னால் மரமும் சாயும், குதிரையும் சாயும். அங்கே 'மாமரம் சாய்ந்தது' என்றே சொல்லவேண்டும்.

இப்பகுப்பின் சிறப்பு, சொற்களைப் பட்டியலிடாமல் பொருள் தெளியும் வழிகளைப் பட்டியலிடுவதில் உள்ளது. ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் உண்டு என்று தொகுத்துத் தருவது நிகண்டின் பணி. திவாகரமும் பிங்கலமும் ஒருசொல் பல்பொருளுக்கெனத் தனித் தொகுதிகளே கொண்டுள்ளன. ஓரிடத்தில் எப்பொருள் என்று தெரிவது இலக்கணத்தின் பணி. சி++ மொழியின் நிரல்பெயர்ப்பியும் இவ்விரு பணிகளை அடுத்தடுத்துச் செய்கிறது. முதலில் ஒரு செயற்குறிக்குப் பொருந்தக்கூடிய வரையறைகளைத் தொகுக்கிறது. பின்னர் அவற்றுள் செயலேற்பிகளுக்கு மிகப் பொருந்துவதைத் தெரிகிறது. முன்னது நிகண்டின் செயல். பின்னது இலக்கணத்தின் செயல்.

4. தெளியும் பன்மை: வினை, இனம், சார்பு

வேறுபடு வினையோடு ஒப்பிடத்தக்கது செயலேற்பியின் தரவினம். இங்குத் திசை ஒன்று மாறுவதைக் குறித்தல் வேண்டும். மேற்காட்டிய சான்றுகளில் வினை பெயரைத் தெளிவித்தது. நிரலாக்கத்தில் வினை போன்ற செயற்குறியைப் பெயர் போன்ற செயலேற்பிகள் தெளிவிக்கின்றன. தமிழிலும் இத்திசை உண்டு. மீன் பிடித்தான், படம் பிடித்தான், பேருந்தைப் பிடித்தான் என்னும் தொடர்களில் பிடித்தல் எத்தகையது என்பதை முன்னுள்ள பெயரே காட்டுகிறது. எத்திசையாயினும் உடன்நிற்பதன் வகையால் பொருள் தெளிதல் என்னும் நெறி ஒன்றே.

இனம் என்னும் கூற்றில் ஒரு சொல்மயக்கம் நேரக்கூடும். நிரலாக்கத் தமிழில் 'தரவினம்' என்பதில் உள்ள இனம் வகையைக் குறிக்கிறது. கிளவியாக்கம் கூறும் இனம் உடன் எண்ணப்படும் சொல்லைக் குறிக்கிறது. பலா என்னும் ஐயமற்ற சொல் மா என்னும் ஐயமுற்ற சொல்லைத் தன்பால் ஈர்ப்பது போன்ற நிகழ்வு சி++ மொழியிலும் உண்டு. 'அ + 5' என்னும் தொடரில் அ என்பது காலம். 5 என்பது எண். ஓர் எண்ணிலிருந்து காலத்தை அமைக்கும் வழியை நிரலர் வகுத்திருந்தால், 5 என்பது காலமாக மாற்றிக்கொள்ளப்பட்டுக் கூட்டல் நிகழும். ஒரு செயலேற்பி மற்றொன்றைத் தன் வகைக்குள் இழுத்துக்கொள்கிறது.

சார்பைப் பொறுத்தவரை மொழிகளுக்கிடையே வேறுபாடு உண்டு. சி++ மொழி, ஒரு தொடரின் விடை எங்குச் செல்லப்போகிறது என்பதைக்கொண்டு செயற்குறியின் பொருளைத் தெரிவதில்லை. செயலேற்பிகளை மட்டுமே நோக்கும். ஏடா மொழி, விடையைப் பெறவிருக்கும் இடம் எத்தரவினத்தை எதிர்நோக்குகிறது என்பதையும் கணக்கில் கொள்ளும். பாகன் நிற்கும் இடத்தைக்கொண்டு மாவின் பொருளை உணர்வதற்கு ஏடாவின் முறை நெருக்கமானது. சார்பு என்னும் தொல்காப்பியக் கருத்தை அளவுகோலாகக் கொண்டால், சி++ சார்பை ஏற்காத மொழி என்றும் ஏடா சார்பை ஏற்கும் மொழி என்றும் சுருக்கமாக வேறுபடுத்தலாம்.

தெளியும் காலமும் மொழிக்கு மொழி வேறுபடும். சி++ மொழியில் நிரல் இயங்குவதற்கு முன்பே, பெயர்ப்பு நிலையில் இத்தெரிவு முடிந்துவிடும். பைத்தானில் நிரல் இயங்கும்போதே தெரிவு நிகழும். அங்குப் பொதுவாக இடப்பக்கச் செயலேற்பியின் வரையறை முதலில் நோக்கப்படும். அது இயலாதெனத் தெரிவித்தால் வலப்பக்கச் செயலேற்பியின் வரையறை நோக்கப்படும். இரண்டும் இயலாதெனின் பிழை அறிவிக்கப்படும்.

5. தெளியாப் பன்மை: கிளத்தலும் இனமாற்றமும்

காலம் என்னும் இனக்குழுவில் இருவழி மாற்றங்களையும் நிரலர் வகுத்துவிட்டதாகக் கொள்வோம். எண்ணைக் காலமாக்கலாம், காலத்தையும் எண்ணாக்கலாம். இப்போது 'அ + 5' என்பதற்கு இரு பொருள்கள் கிடைக்கின்றன. 5-ஐக் காலமாக்கிக் காலக் கூட்டல் செய்யலாம். அ-வை எண்ணாக்கி எண் கூட்டலும் செய்யலாம். இரண்டுமே ஒவ்வொரு மாற்றத்தை வேண்டுவதால், ஒன்று மற்றதைவிடச் சிறந்ததன்று. சி++ நிரல்பெயர்ப்பி இத்தொடரை மயக்கமுடையது என்று கூறி நிறுத்திவிடும். இது 'மா சாய்ந்தது' என்பதன் நிலை. 5-ஐக் காலமாகவே கொள்க என்று நிரலர் எடுத்தெழுதவேண்டும். இதற்கு வெளிப்படை இனமாற்றம் என்று பெயர். இலக்கண மரபின் சொல்லால் கிளத்தல் எனலாம்.

மேலும், ஒரு மாற்றம் தானாக நிகழக்கூடாது, கிளந்து எழுதினால் மட்டுமே நிகழவேண்டும் என்று முன்கூட்டி அறிவிக்கச் சி++ மொழியில் தனி ஒதுக்குச்சொல்லே உண்டு. இது வெறும் எந்திரத் தேவையன்று. 'அ + 5' என்பதில் 5 என்பது 5 நாழிகையா, 5 விநாழிகையா என்று மனிதரும் கேட்பர். கிளந்து எழுதும்போது அவ்வையம் படிப்போருக்கும் நீங்குகிறது.

கிளக்கவேண்டிய இடத்தில் கிளக்காமல் எந்திரமே ஊகித்துக்கொண்டால் விளைவது என்ன என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் சான்றாகிறது. அதில் '1' என்னும் எழுத்துச் சரத்தோடு 1 என்னும் எண்ணைக் கூட்டினால் 11 என்னும் சரம் கிடைக்கும். '5' என்னும் சரத்திலிருந்து 1-ஐக் கழித்தாலோ 4 என்னும் எண் கிடைக்கும். முதல் தொடரில் எண் சரமாகிறது. இரண்டாம் தொடரில் சரம் எண்ணாகிறது. பைத்தான் இவ்விரு தொடர்களையுமே பிழையென விலக்கும். முன்னது ஊகிக்கும் மொழி; பின்னது கிளக்கக் கோரும் மொழி.

ஜாவாவில் நிரலருக்குப் பணிமிகுப்பு உரிமை இல்லாவிடினும், அம்மொழியே + குறியை எண் கூட்டலுக்கும் சர இணைப்புக்கும் வழங்குகிறது. 1 + 2 + 'மா' என்பது அங்கு '3மா' என்றாகும். 'மா' + 1 + 2 என்பது 'மா12' என்றாகும். இடமிருந்து வலமாக நோக்கும்போது முதலில் எதிர்ப்படும் இணை எது என்பதே குறியின் பொருளை மாற்றிவிடுகிறது. உரிமையை விலக்கிய மொழியாலும் பன்மையை விலக்க இயலவில்லை என்பதை இது காட்டுகிறது.

6. தமிழ் இலக்கணக் கல்வியில் + குறி

செயற்குறிக்குப் புதுப்பொருள் வழங்கும் வழக்கம் தமிழ் வகுப்பறைக்கு அயலானதன்று. புணர்ச்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் 'பல் + பொடி = பற்பொடி' என்றும், 'மரம் + வேர் = மரவேர்' என்றும் எழுதுகிறார். இங்கு வரும் + எண் கூட்டலன்று. எழுத்துகளை அடுத்தடுத்து வைக்கும் சர இணைப்புமன்று. சர இணைப்பாயின் 'பல்பொடி', 'மரம்வேர்' என்றே விடை வரும். நிலைமொழி ஈற்றையும் வருமொழி முதலையும் அவற்றின் உறவையும் நோக்கித் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய விகாரங்களைச் செய்யும் தனிச் செயல் இது. சொல் என்னும் வகைக்கு உரியதாக + குறிக்குத் தரப்பட்ட பொருள் என்று இதனைக் கூறலாம்.

இச்செயலும் செயலேற்பியின் வகையால் வேறுபடுகிறது. 'நடு + கல்' என்று எழுதினால் விடை யாது? நடு என்பது நடுதல் என்னும் வினையின் பகுதியாயின் வினைத்தொகையாகி 'நடுகல்' என்று இயல்பாகும். இடைப்பட்ட இடத்தைக் குறிக்கும் பெயராயின் வல்லினம் மிக்கு 'நடுக்கல்' என்றாகும். எழுத்துகள் ஒன்றே, குறியும் ஒன்றே, செயலேற்பியின் வகை வேறு, ஆகவே விடை வேறு. தமிழ்ப் புணர்ச்சியை நிரலாக்க முனைவோர், சொல்லை வெறும் எழுத்துச் சரமாகக் கொள்ளாமல், சொல்வகையையும் உடன்கொண்ட இனக்குழுவாக அமைக்கவேண்டும் என்பதற்கு இஃதொரு காரணமாகும். வகையறியாத நிரல் இவ்விடத்தில் ஊகித்தாக வேண்டும். அல்லது கிளக்குமாறு கேட்டாக வேண்டும்.

7. மாறாத கூறுகள்

பொருள் மாறினும் குறியின் தொடரியல் இயல்புகள் சி++ மொழியில் மாறுவதில்லை. ஒரு செயற்குறியின் முன்னுரிமை, அது இணையும் திசை, அது ஏற்கும் செயலேற்பிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நிரலர் மாற்ற இயலாது. புதிய குறியை உருவாக்கவும் இயலாது. செயலேற்பிகளுள் ஒன்றேனும் நிரலர் வகுத்த தரவினமாக இருத்தல் வேண்டும். எனவே '3 + 4' என்பதன் பொருளை எவராலும் மாற்ற முடியாது.

இக்கட்டுப்பாட்டின் விளைவை << என்னும் குறியில் காணலாம். முழு எண்களில் இது இரும இலக்கங்களை இடப்புறம் நகர்த்தும் செயலைக் குறிக்கும். சி++ மொழியின் செந்தர நூலகம் இதற்கு வெளியீட்டுத் தாரையில் தரவைச் செலுத்துதல் என்னும் பொருளைத் தந்தது. பொருள் புதிதாயினும் முன்னுரிமை பழையது. << குறி ஒப்பீட்டுக் குறியாகிய <-ஐ முந்தும். எனவே 'வெளியீடு << அ < ஆ' என்று எழுதினால், அ, ஆ இரண்டின் ஒப்பீட்டு முடிவு வெளியிடப்படுவதில்லை. 'வெளியீடு << அ' என்பதே முதலில் ஓரலகாகக் கொள்ளப்படும். பிறைக்குறிகளால் 'அ < ஆ' என்பதைத் தனியே பிரித்தாக வேண்டும். ஒரு சொல் புதுப்பொருள் பெற்றபோதும் தன் பழைய தொடரமைப்பைச் சுமந்து வருவதற்கு ஒப்பானது இது.

மாறிவிடும் கூறு ஒன்றும் உண்டு. 'மற்றும்', 'அல்லது' என்னும் ஏரணச் செயற்குறிகள், இடப்பக்கத்தைக்கொண்டே விடை தெரிந்துவிட்டால் வலப்பக்கத்தைக் கணிக்காமல் விடும் இயல்புடையவை. இவற்றை நிரலர் மறுவரையறை செய்தால் அவ்வியல்பு மறைந்து, இருபக்கமும் கணிக்கப்படும். வலப்பக்கக் கணிப்பு நிகழாது என நம்பி எழுதியவரின் நிரல் அங்குப் பிழைபடக்கூடும்.

8. மரபும் உரிமையும்

மொழியில் ஒரு சொல்லின் பொருளை ஒருவர் தனித்து மாற்ற இயலாது. அது வழக்கால் அமைவது. மரபு பிறழ்ந்தால் சொல் தன் பொருளை இழந்து வேறாகிவிடும் என்னும் கருத்தைத் தொல்காப்பிய மரபியல் முன்வைக்கிறது. நிரலாக்கத்திலோ ஒரு நிரலர் + குறிக்குக் கழித்தலைப் பொருளாக வைத்தாலும் எந்திரம் தடுக்காது. இலக்கணப் பிழை இல்லை. மரபுப் பிழை உண்டு.

ஜாவாவை வடிவமைத்த ஜேம்ஸ் காஸ்லிங் இவ்வுரிமையை விலக்கியதற்குக் காரணம் இதுவே. சி++ மொழியில் பலர் இதனைத் தவறாகப் பயன்படுத்தியதைக் கண்டமையால், தம் தனிப்பட்ட தெரிவாக இதனை விலக்கியதாக அவர் கூறியுள்ளார். விலக்கியதன் விலையும் சிறிதன்று. மிகப்பெரிய எண்களைக் கையாளும் ஜாவா நிரலர் + குறியைப் பயன்படுத்த இயலாமல், 'கூட்டு' என்னும் பொருளுடைய செயற்கூற்றை ஒவ்வொரு முறையும் பெயர்சொல்லி அழைக்கவேண்டியுள்ளது. நீண்ட வாய்பாடுகள் இதனால் படிப்பதற்கு அரியனவாகின்றன.

தவறான பயன்பாட்டை மொழியே தடுப்பதா, பயன்படுத்துவோரின் பொறுப்பில் விடுவதா என்னும் இவ்வழக்கில், பலபொருள் ஒருசொல் இலக்கணம் ஓர் இடைநெறியைக் காட்டுகிறது. அது பன்மையை விலக்கவில்லை; ஐயத்தையே விலக்கியது. புதிய பொருள் பழைய பொருளின் இயல்பைத் தழுவியிருக்கிறதா, செயலேற்பிகளைக் கண்டதும் படிப்போருக்குத் தெளிகிறதா, தெளியாத இடத்தில் கிளக்கப்பட்டிருக்கிறதா என்னும் மூன்று வினாக்களே ஒரு பணிமிகுப்பு தக்கதா என்பதை அளக்கப் போதுமானவை. காலக் கூட்டல் இம்மூன்றிலும் தேறும். கழித்தலுக்கு இட்ட + முதல் வினாவிலேயே தோற்கும்.

9. ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீடு பொருந்தாத இடங்களும் உள. முதலாவது, சிலேடை. ஒரு சொல் ஒரே இடத்தில் இரு பொருளையும் ஒருங்கே தருவதைத் தண்டியலங்காரம் அணியாகப் போற்றுகிறது. நிரலில் ஒரு செயற்குறி ஒரு முறை இயங்கும்போது இரு பொருள் தருதல் இயலாது. இலக்கியத்தில் அழகாவது எந்திரத்தில் பிழையாகிறது. இரண்டாவது, கேட்போர். மனிதர் ஐயுற்றால் மீண்டும் கேட்பர், முகக்குறிப்பை நோக்குவர், முன்பேசியதை நினைவுகூர்வர். நிரல்பெயர்ப்பியின் சார்பறிவு, மொழி வரையறை அனுமதித்த அளவே. மூன்றாவது, பொருளின் தோற்றம். சொல்லின் பன்மை வரலாற்றில் விளைவது. செயற்குறியின் பன்மை ஒரு நாளில் ஒருவரால் வைக்கப்படுவது.

10. கலைச்சொல் குறித்து

ஆங்கில மூலச்சொல் சுமையேற்றுதல் என்னும் உருவகத்தைக் கொண்டது. தமிழ்வழிப் பாடநூல்களில் வழங்கும் 'பணிமிகுப்பு' அவ்வுருவகத்தைத் தழுவி அமைந்துள்ளது. இச்சொல்லைக் கேட்கும் மாணவர், ஒரு குறி ஒரே நேரத்தில் மிகுதியான பணிகளைச் செய்வதாகக் கருத இடமுண்டு. உண்மையில் ஒவ்வோரிடத்திலும் குறி ஒரு பணியையே செய்கிறது. மிகுவது குறி குறிக்கத்தக்க பொருள்களின் எண்ணிக்கை. இக்கருத்தின் மையம் பணியில் இல்லை, பொருள் தெளிதலில் உள்ளது.

'பல்பொருளாக்கம்' என்று மாற்றலாம் எனின், அங்கும் ஓர் இடர் எழுகிறது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்பதில் வரும் 'பொருள்' இனக்குழுவின் உறுப்பாகிய உருவைக் குறிக்கிறது. எனவே பல்பொருளாக்கம் என்பதைப் பல உருக்களை ஆக்குதல் என்றும் கொள்ள நேரும். பொருள் என்னும் சொல்லே பலபொருள் ஒருசொல், அதுவும் கிளக்கப்படவேண்டியது. சொல்லின் கருத்தை மட்டும் சுட்டப் 'பொருண்மை' என்னும் வடிவம் இலக்கண வழக்கில் உண்டு. அதனைக்கொண்டு 'செயற்குறிப் பல்பொருண்மை' என்று வழங்கினால் இருவகை மயக்கமும் நீங்கும். நிலைபெற்ற பாடநூற் சொல்லை உடனே மாற்றுவது மாணவர்க்கு இடர்தரும் எனின், விளக்கத்திலேனும் இச்சொல்லை உடன்வழங்குதல் தகும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. செயற்குறிப் பணிமிகுப்பில் நிகழும் பொருள் தெளிதலையும், தெளியாவிடத்து வேண்டப்படும் இனமாற்றத்தையும், வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல், வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல் என்னும் பகுப்பால் முறையே விளக்கலாம்.

2. வினை, இனம், சார்பு என்னும் மூன்று வழிகளும் நிரலாக்க மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவுகோலாகவும் பயன்படும். சார்பை ஏற்கும் ஏடாவும் ஏற்காத சி++ மொழியும் இதற்குச் சான்று.

3. புணர்ச்சியில் வழங்கும் + குறி, தமிழ்க் கல்வியில் முன்னரே உள்ள செயற்குறிப் பல்பொருண்மையாகும். சொல்வகையறிவு இன்றிப் புணர்ச்சியை நிரலாக்க இயலாது என்பதை 'நடு + கல்' காட்டுகிறது.

4. 'பணிமிகுப்பு' என்னும் கலைச்சொல்லோடு 'பல்பொருண்மை' என்பதையும் உடன்வழங்குதல் கருத்துத் தெளிவுக்கு உதவும்.

கணினித் தமிழ் என்பது தமிழைக் கணினிக்குள் ஏற்றுவதோடு நிறைவுறுவதன்று. கணினியியலின் கருத்துகளைத் தமிழின் இலக்கண அறிவால் விளக்குவதும் அதன் பகுதியே. தமிழ்வழியில் நிரலாக்கம் பயிலும் மாணவர், மா என்னும் சொல்லை இலக்கண வகுப்பில் முன்பே கற்றவர். அவ்வறிவின்மேல் இப்பாடத்தை அமைத்தால், செயற்குறியின் பன்மை அவருக்கு மனப்பாடம் செய்யவேண்டிய விதியாக அமையாது. ஏற்கெனவே அறிந்த நெறியின் விரிவாக அமையும்.